சூப்பர்வைசர் கற்றுத் தந்த மலையாளம்

எனக்கு மலையாளம் கற்றுத் தந்தவர் எங்கள் தோட்டத்துச் சூப்பர்வைசர். கற்றுத் தருகிறோம் என்பது அவருக்கே தெரியாது. போடியில் விடிகாலை ஜீப்பு ஏறி, மலைமேல் மெட்டைத் தாண்டி கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறங்கினால், சாயங்காலம் வரை காதில் விழுவது அவர் குரல்தான். "வேகம் நடக்கு." "மிண்டாதெ, பணி எடுக்கு." பேசாதே, வேலையைப் பார் என்று அர்த்தம். குனிந்து காய் பறிக்கிறவளின் முதுகுக்குப் பின்னால் வந்த மொழி அது. அதனால் என் மலையாளத்தில் கெஞ்சல் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. மெட்டு டீக்கடையில் நான் "சாயா எடுக்கு" என்றால், கடைக்காரர் பதறிப்போய் ஆற்றாமலே நீட்டிவிடுவார்.

எங்கள் ஜீப்பில் இன்னொருத்தி டி.வி. சீரியல் பார்த்து மலையாளம் படித்தவள். தண்ணீர் கேட்டால்கூட அழப்போகிறாள் என்று தோன்றும். அவளும் நானும் பேசுவது ஒரே மொழி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

போன மழைக்காலத்தில், என் பக்கத்து நிரையில் காய் எடுக்கிற பெண்ணுக்கு ஐந்து மாதம். சரிவில் ஒருநாள் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற வேலை தாருங்கள் என்று அவள் கேட்டதற்குச் சூப்பர்வைசர் "மிண்டாதெ" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் முதலாளி வந்திருந்தார். யார் போய்ப் பேசுவது என்று கேள்வி வந்தது. சீரியல்காரி தயாராக இருந்தாள்.

"நான் கேக்குறேன். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்?"

"அவருகிட்ட அழுதா ஆறுதல் கிடைக்கும், வேலை கிடைக்காது," என்றேன்.

"அக்கா, நீங்களே கேளுங்க. ஒங்க வாய்க்குத்தான் அசைவாரு," என்றாள் பிள்ளைத்தாச்சி.

"அப்ப வாடி, வெரசா போயிட்டு வருவோம்."

ஸ்டோர் வாசலில் முதலாளியும் சூப்பர்வைசரும் நின்றிருந்தார்கள். பணிவாகத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். பணிவுக்கு என்னிடம் மலையாளம் இல்லையே, என்ன செய்ய? இருந்ததை எடுத்தேன். "இவள்க்கு மாசம் அஞ்சு. மலைக்கு விடண்டா. ஸ்டோரில் இருத்து. வேகம்." மலைக்கு அனுப்பாதே, ஸ்டோரில் உட்கார வை, சீக்கிரம் என்று அவருக்கே உத்தரவு போட்டுவிட்டேன்.

முதலாளி திகைத்துவிட்டார். தோட்டத்தில் அவரிடம் அந்தக் குரலில் பேச ஆள் கிடையாது. பிறகு, "சேச்சியெ மலையாளம் படிப்பிச்சது ஆரா?" என்று கேட்டார். நான் கையை நீட்டிச் சூப்பர்வைசரைக் காட்டினேன். அவர் குனிந்து காலில் ஏறிய அட்டையைத் தேட ஆரம்பித்தார். அட்டை ஒன்றும் ஏறவில்லை.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரோரம் கிடந்த பெஞ்சைக் காட்டி, "சேச்சி இரிக்கு" என்றார். உட்காரச் சொல்கிறார். இத்தனை வருஷத்தில் அந்த மொழியில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம். மழையில் நனைந்த உடம்பு அந்தப் பெஞ்சைக் கேட்டது.

நான் உட்காரவில்லை. பிள்ளைத்தாச்சியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

"ஆத்யம் இவளெ இருத்து."

முதலில் இவளை உட்கார வை. அதுவும் அதட்டலாகத்தான் வந்தது. ஸ்டோருக்குள் ஒரு சாக்கை விரித்து, சூப்பர்வைசரே அவளுக்கு இடம் காட்டினார். அவள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.