உமையாள் டீச்சரின் காதுகள்

மாலை நான்கு பதினேழுக்குச் செய்தி வந்தது. மைத்துனன் பேசினான்: “அத்தான், ஒண்ணுமில்ல. பதறாம வாரீகளா?”

எங்கள் பக்கத்தில் கேதத்தை, சாவுச் செய்தியை, நெருங்கியவர்களிடம் நேராகச் சொல்வதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் நான் மென்பொருள் சோதிப்பவன். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவன். காய்ச்சலில் கிடந்த மனைவி உமையாளுக்கு இளநீர் வாங்கிக்கொண்டு காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன்.

உமையாளை வீட்டில் நான் ‘அவர்’ என்றதில்லை. இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் டீச்சர். ஆகவே இங்கே அவர்.

ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் வகுப்பில் நாய் புகுந்துவிட்டது. அதை விரட்டியதும், “இத யார்ட்ட எப்புடிச் சொல்லுவ?” என்று ஒரு வாண்டைக் கேட்டிருக்கிறார்.

“பெரிய டீச்சர்ட்ட, நாய் வந்துச்சு மிஸ், நாங்க கத்தவே இல்லன்னு சொல்லுவேன்.”

“தங்கச்சி பாப்பாட்ட?”

“குட்டி நாயிதான், போயிருச்சும்பேன்.”

“லீவு போட்ட குமரன்ட்ட?”

“டேய், நீ வராமப் போயிட்டியேடா!”

சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “சொல்றது ஒண்ணுதான். கேக்குற காதுதான் வேற வேற” என்பார்.

மாலையில் பிள்ளைகள் போனில் அழைப்பார்கள். ஒருத்தனிடம் அதட்டல், ஒருத்தியிடம் ரகசியம், திக்குகிற பிள்ளையிடம் அவசரமே இல்லாத ஒரு குரல். போனை வைத்துவிட்டு என்னிடம், “தோச ஊத்தவா?” அவ்வளவுதான்.

“எனக்குன்னு ஒரு குரலு கெடையாதா?” என்றேன் ஒருமுறை.

“ஆமா, நீங்களும் எல்கேஜில வந்து சேருங்க, தாரேன்.”

பொறாமைதான். காரியத்துக்கு வந்த பெற்றோர் ஒவ்வொருவரும், “எங்க புள்ளைட்ட மட்டும் டீச்சர் ஒரு மாதிரி பேசுவாக” என்றார்கள். ஒவ்வொரு ‘மட்டும்’மும் என் பங்கிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. டீச்சர் அனுப்பிய குரல் பதிவுகளை ஆறுதலாக எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டேன். எதிலும் நான் இல்லை.

இன்று காலை ஆறு வயது மகள் நாச்சி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, நா ஸ்கூலுக்குப் போகல. எல்லாரும் என்னையவே பாப்பாக.”

“வயித்துவலின்னு அத்தைட்ட சொன்னியாமே?”

“அது அத்தைக்கி. ஒனக்கு நேராச் சொல்லணும். அம்மாதான் சொல்லுச்சு. அப்பாட்ட சுத்தி வளைக்காத, பாவம், அப்புடியே நம்பிரும். கையப் புடிச்சுக்க, மொதல்ல விஷயத்தச் சொல்லு, பெறகு ஏன்னு சொல்லுன்னு.”

தோசை ஊற்றவா என்ற கேள்வியில் வளைவே இருந்ததில்லை. என் காதையும் அளந்து வைத்திருக்கிறார். அதை என்னிடம் சொல்லாமல் இவளிடம் சொல்லியிருக்கிறார். இப்போது இவள்மீதும் பொறாமை.

“என்னையப் பத்தி அம்மா வேற என்ன சொல்லுச்சு?”

“நெறைய,” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

போய் வா, உமையாள். மகள் சொல்லத் தொடங்கிவிட்டாள். இன்னொரு பெற்றோரின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை, போனை அணைத்துவிட்டேன்.