தலையணைக்குள் வைத்த விளையாட்டுப் பெட்டி

1996 மே 14, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தோம். ஆறரைக்கு அப்பா மில்லுக்குப் போனார். ஏழு மணிக்கு அம்மா தட்டச்சுப் பள்ளிக்குப் போய் எட்டேகாலுக்குத் திரும்பினாள். எனக்கும் தம்பிக்கும் கோடை விடுமுறை. எனக்குப் பதினொரு வயது, அவனுக்கு ஆறு.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு அரசாங்கக் குமாஸ்தா வேலைக்கான தட்டச்சுத் தேர்வு. எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே தேறியிருந்தாள். "இந்த வாட்டி வுட்டா வயசு தாண்டிடும்" என்று அப்பா அடிக்கடி நினைவூட்டுவார். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் மெஷின் கிடையாது. அதனால் அம்மா சாப்பாட்டு மேசையின் விளிம்பில் பத்து விரல்களாலும் தட்டிப் பழகுவாள். குழம்பு கொதிக்கும்போதுகூட அவள் விரல்கள் அடுப்பு மேடையில் ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்கு முந்தின வாரம்தான் பெரியம்மா பிரான்சிலிருந்து வந்து போயிருந்தாள். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சிப்பாய் என்ற பொருளில் ஊரில் அவருக்குச் 'சொல்தா' என்றே பெயர். அவர்கள் எனக்குக் கொடுத்தது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வீடியோ கேம் ஒன்று. சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் அதற்கான சார்ஜரும் அதனுடன் இருந்தன. குறிப்புச் சீட்டு முழுக்கப் பிரெஞ்சில். அதில் எனக்குப் புரிந்தவை படங்கள் மட்டும். ஒரு படத்தில் தலையணை மீது அந்தப் பெட்டி. அதன் குறுக்கே தடித்த கோடு. படுத்துக்கொண்டு விளையாடக் கூடாது என்று பொருள் கொண்டேன். அன்றிலிருந்து உட்கார்ந்தே விளையாடினேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சார்ஜ் போடாதே என்று பெரியம்மா சொன்னதையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பிரான்சு பிளக்கின் கால்கள் ஒல்லி. எங்கள் சுவிட்ச் போர்டின் துளைகள் அகலம். பிளக் தொளதொளவென்று ஆடியது. எங்கள் தெருவில் பிரான்சுச் சாமான் வந்த எல்லா வீடுகளிலும் இதே கதைதான். எல்லோரிடமும் ஒரே வைத்தியம்தான். மாமா வந்தார். தீக்குச்சி இரண்டை உடைத்துத் துளைகளில் சொருகி பிளக்கை இறுக்கினார்.

"பாரீசு மாப்ள இடுப்பு சிறுத்துப் போய் வந்துருக்காரு. வேட்டி நிக்கணும்னா அர்ணாக்கயிறு வேணும் இல்ல?" என்றார்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "பத்திக்காதாடா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டு மிக்சி ரெண்டு வருஷமா இப்டித்தாங்க்கா ஓடுது."

தம்பி கையில் பெட்டி கிடைத்தால் பத்து நிமிடத்தில் சார்ஜைத் தீர்த்துவிடுவான். ஆகவே அதை அவன் கண்ணில் படாமல் சார்ஜ் போடுவது என் வழக்கம். அன்று மதியம் 1.10க்குப் போட்டேன். கட்டில் மேல் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளுக்கு நடுவில் பெட்டியை வைத்தேன். மேலே அம்மாவின் பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டேன். 3.10க்கு எடுக்க வேண்டும் என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

1.40க்குக் கரண்ட் போயிற்று. 3.05க்கு வந்தது. அறையில் குண்டு பல்பு ஒரு கணம் வெள்ளையாக எரிந்து அடங்கியது. போன நேரத்தைக் கணக்குப் போட்டேன்: ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். நோட்டில் 3.10ஐ அடித்து 4.35 என்று திருத்தினேன். என் நேர்மையில் எனக்கே திருப்தி.

இதற்கிடையில் தம்பி அந்தக் கட்டிலிலேயே ஏறித் தூங்கிவிட்டான். அது எனக்குத் தெரியாது. நான் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் அம்மா மேசையைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று அது நின்றது. பிறகு அம்மா தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

நான் ஓடியபோது அறை முழுக்கப் புகை. தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்தான். முன்மயிர் கொஞ்சம் பொசுங்கியதைத் தவிர அவனுக்கு ஒன்றுமில்லை. தீப்பிடித்த தலையணைக்குள்ளிருந்து பெட்டியை அம்மா வலது கையால் வயரோடு பிடுங்கியிருந்தாள். அதைக் கீழே போட அவளால் முடியவில்லை. உருகிய பிளாஸ்டிக் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து தண்ணீர் ஊற்றினாள். சுவிட்ச் போர்டில் பிளக் இருந்த இடம் கரியாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வரை கட்டுப் போட்டார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்குமா என்பதைப் புண் ஆறிய பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மில்லிலிருந்து அப்பா சட்டையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்தார்.

"அந்தச் சனியன யாரு போட்டது?"

"நான்தான். புள்ள கேட்டானேன்னு போட்டேன்" என்றாள் அம்மா.

"தலையாணிக்குள்ள யாராவது வெப்பாங்களா? டைப்படிச்சி ஆபீசு போற பொம்பளக்கி இதுகூடவா தெரியாது?"

தூக்கிப் பிடித்த கட்டுக் கையை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். சார்ஜ் போட்டது நான் என்பது அம்மாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய நிம்மதி அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததில்லை. தம்பி கேட்டதாக அவள் சொன்னது கொஞ்சம் குழப்பியது. வலியில் உளறுகிறாள் என்று அதையும் சரிசெய்துகொண்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, தண்ணீர் வருவதற்கும் முன்பே, அம்மா என்னை எழுப்பி வெள்ளைத்தாள் கொண்டுவரச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பெறுநர், அனுப்புநர், பொருள். கையில் தீக்காயம் ஏற்பட்டிருப்பதால் வெள்ளிக்கிழமை தட்டச்சுத் தேர்வுக்கு வர இயலவில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, "அவ்ளோதான்டி, 'இப்படிக்கு'ன்னு போடு" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ விடுப்புக் கடிதம் எழுதிய கை என்னுடையது. முக்கியமான வரியை அம்மா விட்டுவிட்டாள் என்று எனக்குப் பட்டது. கேட்காமலே குண்டு குண்டாக எழுதினேன்: 'ஆகையால் எனக்கு அன்று ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அம்மா தாளை வாங்கி அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். அதை அடிக்கச் சொல்லவில்லை. பேனாவை இடது கையில் வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டாள்.