தோல் இல்லாத கால்

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு கால் தொங்குகிறது. முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொள்வது. அலுமினியத் தகட்டில் அடித்தது, பக்கமெல்லாம் துளைகள், அடியில் லாரி டயரில் வெட்டிய பாதம். கை கழுவப் போகும் விருந்தாளிகள் முகம் வெளிறித் திரும்பி வருவார்கள். அதைக் கழற்றிப் போடச் சொல்லிச் சொல்லி மருமகளுக்கு அலுத்துவிட்டது, பதில் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. அது என் அக்காவின் கணவருடைய கால்; அவர் காலமானபின் என்னிடம் வந்தது. நான் வரைந்து, நான் அலைந்து செய்வித்தது.

அத்திம்பேர் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோவிலில் மடப்பள்ளிச் சமையல்காரர். பெருமாளுக்குத் தளிகை பண்ணுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது, வேறு சந்தோஷமும் கிடையாது. அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலில் ஆணி குத்தியது. சர்க்கரை உடம்பு, புண் புரையோடி, சென்னை ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, "இன்னிக்குத் தளிகை யாருடா பண்றா?" என்றுதான். ஆஸ்பத்திரியில் ஒரு மரக்கால் கொடுத்தார்கள். தொடையில் தோல் பட்டை, முனையில் ஒரு பூட்ஸ். அதை மாட்டிக்கொண்டு மடப்பள்ளி வாசலுக்குப் போனவரைக் கோவில் காரியஸ்தர் நிறுத்தினார். "தோலைக் கட்டிண்டு உள்ளே வரப்படாதே ஸ்வாமி." அத்திம்பேருக்கு அதில் வருத்தமே இல்லை. "நியாயம்தானே அவர் சொல்றது? நீ வேற கால் பண்ணித் தாடா" என்றார் என்னிடம், நான் என்னவோ கால் கடை வைத்திருப்பதைப் போல.

நான் அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் டிராப்ட்ஸ்மேன். பல்சக்கரம் வரைவது சுலபம், அது வலிக்கிறது என்று சொல்லாது. தோலுக்குப் பதில் கட்டிலுக்குப் பின்னும் நவார் நாடாவை வைத்தேன். அது சரியாக வந்தது. அடுத்த சிக்கல் தண்ணீர். விடியலில் கிணற்றடியில் தலையோடு குளித்து, ஈர வேட்டியோடு, தீட்டுப் படாமல்தான் மடப்பள்ளிக்குள் போக வேண்டும். "நான் மடியா இருந்து கால் மட்டும் விழுப்பா இருந்தா எப்படிடா?" என்று கேட்டார். ஆக, காலும் தினம் குளிக்க வேண்டும். மரம் ஊறிப் பருத்தது. இரும்புக் கம்பி துருப்பிடித்தது. கடைசியில் அலுமினியத்துக்கு வந்தேன். எங்கள் பட்டறை மேஸ்திரி ஷிப்ட் முடிந்த பிறகு மணல் மூட்டைமேல் தகட்டை வைத்துத் தட்டிக் கொடுப்பார். "இன்னா சார், காலு கூடவா குளிக்கும்? பேஜாரா கீதே" என்பார், ஆனால் கை நிற்காது. நீர் வடியத் துளை போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால், "ஜல்லிக்கரண்டிக்குக் கால் மொளைச்சாப்ல இருக்கேடா" என்று அத்திம்பேர் குலுங்கிச் சிரித்தார். டயர் பாதத்தைப் பற்றி நான் தயங்கியபோது அவரே தீர்ப்பும் சொன்னார்: "ரப்பர் மரத்துப் பால்தானே, தோல் இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு பஸ்தான். கால் எங்கே உறுத்துகிறது என்று பார்க்க ஒரு வாரம், தட்டிச் சரிசெய்து திரும்பக் கொண்டுபோக இன்னொரு வாரம். ஆடி மாதத்தில் பெரியபாளையம் அம்மன் கோவில் கூட்டம் ஏறிவிட்டால் பஸ்ஸில் மூச்சு விட முடியாது. துண்டில் சுற்றிய காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை துண்டு விலகியதும் பக்கத்தில் வேப்பிலையோடு நின்ற அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாளுக்கு நேந்துகினியா நைனா? இம்மாம் பெரிய காலா!" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கத் தெம்பு இல்லை. சிரிக்கவும் தெம்பு இல்லை.

ஒருவழியாக வலிக்காத கால் ஒன்று அமைந்தது. அன்று விடியலில் அத்திம்பேர் காலோடு குளித்தார். துளைகள் வழியே தண்ணீர் சரசரவென்று வடிந்தது. திருமண் இட்டுக்கொண்டு, யார் தோளையும் பிடிக்காமல் மடப்பள்ளி வாசல்வரை நடந்தார். நான் பின்னால் போனேன், கல்யாண வீட்டுக்குப் போகிறவனைப் போல. காரியஸ்தர் குனிந்து நாடாவைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். குற்றம் சொல்ல எதுவும் அகப்படவில்லை. நிமிர்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அங்கஹீனம் ஆச்சே ஸ்வாமி. குறையுள்ள தேகம் தளிகையைத் தொடப்படாது."

அத்திம்பேர் படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இந்தக் குறை அன்னிக்கே இருந்ததே? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. இந்தப் பிள்ளை இத்தனை நாள் பஸ்ஸுல அல்லாடியிருக்க மாட்டானே" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. எனக்குத்தான் ஆத்திரத்தில் கண் இருட்டியது. காரியஸ்தர் உள்ளே போனார். உள்ளே யாரோ புளியோதரைக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சாதனம் வடிவமைக்க இன்று படிப்பே வந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டிக்கொள்கிறவரைக் கேட்டுக் கேட்டுச் செய்வதுதான். வாசலில் நின்று தடுக்கிறவருக்கு எப்படி அளவெடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. அதன்பின் அத்திம்பேர் வீட்டுப் பெருமாளுக்குத் தளிகை பண்ணினார். ஒரு பிடி அரிசிதான், ஆனாலும் விடியலில் எழுந்து, தானும் குளித்து, காலையும் குளிப்பாட்டிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். கணுக்காலில் ஒரு ஸ்பிரிங் வைத்துப் பார்க்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "போறும்டா. கால்ல ஒரு குறையும் இல்லை" என்றார்.

போன மாதம் மகன் என்னை அதே கோவிலுக்கு அழைத்துப் போனான். என் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. வாசலில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள், கைப்பிடிக் கம்பி இருக்கிறது, சக்கர நாற்காலியும் இருக்கிறது. கோவில் பணியாளர் ஒருவர் பாங்காக என்னை உட்காரவைத்து, மடப்பள்ளி வாசலைத் தாண்டி சன்னதிவரை தள்ளிக்கொண்டு போனார். தீர்த்தம் வாங்கக் கை நீட்டியபோதுதான் கவனித்தேன், என் கைக்கடிகாரத்தில் தோல் வார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். எல்லாத் துளைகளிலும் வடிந்தது. ஒரு சொட்டுக்கூடத் தங்கவில்லை.