மூடாத டிஸ்க்

தலை நரைக்கும்வரை நகரப் பேருந்து ஓட்டியவர் அவர். பெரிய விபத்து ஒன்றும் கிடையாது. சின்ன உரசல் என்றால் எதிரே வந்தவன் மேல்தான் தப்பு என்று ஒற்றைக்காலில் நிற்பார். சாலையில் புலி, வீட்டில் ரிமோட்டைக் கண்டால் பூனை. டிவிடி ரெக்கார்டர் வாங்கியபோது அதன் கையேட்டை வரி விடாமல் படித்தது அவர் மனைவிதான்.

"இதுல என்னங்க இருக்கு? ஹார்ட் டிஸ்க்ங்கறது டிப்போ. இந்த டிஸ்க்கு ஒரு பஸ். டிப்போவில இருந்து ஆளை பஸ்ல ஏத்துறது டப்பிங். சாப்டர்னா ஸ்டாப்பு."

"ஃபார்மேட்?"

"எல்லாரையும் இறக்கி விட்டுட்டு பஸ்ஸைக் கழுவுறது. அந்தப் பட்டன் பக்கம் உங்க கை போச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

"ஃபைனலைஸ்?"

"கடைசி ட்ரிப்பு முடிச்சு கதவைச் சாத்துறது. அப்புறம் யாரும் ஏற முடியாது. ஆனா சாத்தினாத்தான் அடுத்த வீட்டு மெஷின்லயும் படம் ஓடும்."

"கதவைச் சாத்தின பஸ்தான் ஊர் சுத்துமா? நல்ல டிப்போடி உன்னோடது!"

அந்த ஒரு டிஸ்க்கில் மகள் கல்யாணமாகி வெளிநாடு கிளம்பியது, இவர் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கியது, மனைவி மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி சுருதி சேராமல் பாடியது எல்லாம் இருந்தன; ஏற்றி முடித்ததும் ஹார்ட் டிஸ்க்கில் அவற்றை அவள் அழித்துவிட்டிருந்தாள். கொஞ்சம் இடம் மிச்சம். "அது பேரப்பிள்ளைக்கு. அதுவரைக்கும் சாத்தாதீங்க" என்றாள். பேரப்பிள்ளை வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மகளுக்கு மாதம் நெருங்குகிறது. "அம்மா குரலைக் கேக்கணும் போல இருக்குப்பா" என்றாள். தபாலில் டிஸ்க்கை அனுப்பினார். அவள் வீட்டு மெஷின் அதைத் தொடவே மாட்டேன் என்றது. டிஸ்க் திரும்பி வந்தது. ரெக்கார்டர் மேல்தான் தப்பு என்று இவர் அதைத் துணியில் சுற்றி ரிப்பேர்க்காரரிடம் தூக்கிப் போனார்.

"ஃபைனலைஸ் பண்ணீங்களாய்யா?"

"இல்லப்பா. கொஞ்சம் இடம் வச்சிருக்கோம்."

மூடியைத் திறந்து பார்த்தவர் முகம் சுருங்கியது. "டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸு உசுரைக் கையில பிடிச்சிட்டு இருக்கு. இதுக்குப் பார்ட்ஸ் வர்றதில்ல. டிஸ்க்கைக் கொண்டு வந்திருந்தா இப்பவே முடிச்சிருப்பேனே?"

"ஒரு தடவ தபால்ல போய் வந்தது போதும்னு வீட்லயே வச்சிட்டேன்."

"சரி, போனதும் நேரா ஃபைனலைஸ். போட்டுக்கூடப் பாக்காதீங்க. சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து டிஸ்க்கை வைத்தார். மனைவி சொல்லிக்கொடுத்தபடி திரையில் ஃபைனலைஸ் என்ற வரிக்கு வந்துவிட்டார். பட்டன்மேல் விரல் நின்றது. கடைசி ட்ரிப் முடிந்தால் பின்சீட்வரை நடந்து, குனிந்து, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் அவர் கதவைச் சாத்துவார். ஒருமுறை வேறொரு டிரைவர் தூங்கிப்போன பள்ளிப்பிள்ளையை உள்ளே வைத்துச் சாத்திவிட்டுப் போனபோது டிப்போவே சிரித்தது, இவர் சிரிக்கவில்லை. பார்க்காமல் எப்படிச் சாத்துவது? ஒரே ஒரு நடை.

ப்ளேயை அழுத்தினார்.

மகள் கையசைத்தாள். அவர் தூங்கினார். மாடியில் மனைவி குவளையோடு திரும்பி, "ஐயோ, எடுக்காதீங்க, தலைகூட வாரல" என்றாள். பிறகு பாட ஆரம்பித்தாள். பாட்டின் நடுவில் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. உள்ளே ஏதோ டக் டக் என்றது. 'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்று திரையில் எழுத்து வந்தது. எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி வைத்தார். மறுபடியும் அதே எழுத்து.

ரிப்பேர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதே மாடல் எங்கயாவது கிடைச்சா பாக்கலாம்யா. தேடுறேன்" என்றார். மெதுவாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டரும் கடைசியில் இப்படித்தான் மெதுவாகப் பேசினார்.

மகள் போன் செய்தாள். "சாத்தியாச்சாப்பா?"

"இல்லம்மா. சாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுப் பாத்தேன். போடாதேன்னு அந்த ஆள் தலைப்பாடா அடிச்சிக்கிட்டான். மெஷின் போயிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

அப்பா வாயில் இந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. அழுகை அடங்க நேரமாயிற்று.

"அதுல அம்மா கடைசியா என்னப்பா பண்ணிட்டிருந்தாங்க?"

"செடிக்குத் தண்ணி ஊத்திட்டுப் பாடினா."

"என்ன பாட்டு? பாடுங்கப்பா."

வரிகளை ஒன்றொன்றாகப் பாடினார். ஒரு வரிகூட விடவில்லை. அவள் எந்த இடத்தில் சுருதி தப்புவாள் என்பதுகூட அவருக்குத் தெரியும். அங்கே வந்ததும் தானும் அதேபோல் தப்பிப் பார்த்தார். வரவில்லை.