நூர் நிஷா ஒட்டவைத்த பச்சை வளையல்

நூர் நிஷாவுக்குக் கை சும்மா இருக்காது. இப்படிச் சொல்பவர் அவள் புருஷன் கரீம் பாட்சா. தாராவித் தோல் பட்டறையில் பை தைக்கிறவர், பொய் பேசத் தெரியாத மனிதர். சோறு பரிமாறிக்கொண்டே அவர் தட்டோரத்து எலுமிச்சம்பழத்தைக் காணாமல் ஆக்கி, அவர் சட்டைப் பையிலிருந்தே எடுத்துப் பிழிந்துவிடுவாள். மனுஷன் நிம்மதியாகச் சாப்பிட்டே வருஷம் ஆகிறது!

தொழில் என்னவோ வளையல் வியாபாரம்தான். கண்ணாடி வளையல் போடுவது லேசுப்பட்ட காரியமா? கட்டைவிரல் அடியை அமுக்கி, எலும்பை மடக்கி ஏற்ற வேண்டும். போட்டுக்கொள்கிறவளுக்கு உயிர் போகும். ஒருநாள் அலறிய ஒரு சின்னப் பெண்ணின் கவனத்தைத் திருப்ப, கையிலிருந்த வளையலை மறைத்துப் பக்கத்தில் நின்றவள் கொண்டையிலிருந்து எடுத்தாள். அந்தப் பெண் வாயைப் பிளந்த நேரத்தில் ஆறு வளையலும் ஏறிவிட்டன. அன்று பிடித்தது இந்தப் பித்து. மாஹிம் தர்கா சந்தனக்கூட்டுக்கு வரும் வித்தைக்காரர்களின் முகத்தைப் பார்க்காமல் விரலையே முறைத்துப் பார்த்து மிச்சத்தையும் கற்றுக்கொண்டாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் வாக்கில் அவள் இல்லாத கல்யாணம் சப்பென்று இருக்கிறது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. மேடை கிடையாது, மைக் கிடையாது, எல்லாம் ஒரு சாண் தூரத்தில். பந்திக்கு இடம் கிடைக்காமல் முறைத்துக்கொண்டு நிற்பவர்கள் நடுவே புகுந்து, மடித்த வெற்றிலைக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் மோதிரத்தை எடுப்பாள். சம்பந்திச் சண்டை போட வந்தவர்கள் பசியை மறந்து “இன்னொரு தடவ, இன்னொரு தடவ” என்பார்கள்.

ஆனால் வித்தை உப்புக்குத்தான், சோறு போடுவது கைராசி. அவள் போட்ட வளையல் தாலி ஏறுமுன் கல்யாணப் பெண் கையில் உடைந்தது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். செம்பூர் வரைக்கும் ஒரு வாசலிலும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

அதுதான் அன்றைக்கு நடந்தது.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கல்யாண ஹால். தாராவி வானமாமலையின் மகள் பேராச்சிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை விக்ரோலி. மாப்பிள்ளையின் தாய் ஆறுமுகத்தாய் சகுனத்தில் எமகாதகி. நிச்சயத்தன்று பூனை குறுக்கே போனதென்று டாக்சியைப் பாதி வழியில் நிறுத்தி, இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறினாளாம்.

பம்பாய்க் கல்யாணம் என்றால் பச்சைக் கண்ணாடி வளையல்தான். பெண்ணுக்குப் போட்டு, வந்தவர்களுக்கும் போட்டு, நூர் நிஷாவின் பெட்டியில் பச்சை சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம். மணமகள் அறையில் தோழிகள் நூர் நிஷாவை விடவில்லை.

“யக்கா, ஒரு வளையலுக்குள்ள இன்னொண்ணு பூருமே, அது காட்டுங்க! ஜல்தி!”

இந்த வித்தைக்கு அவள் வைத்திருப்பது பிளாஸ்டிக் வளையல். எத்தனை முறை இடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பெண்கள் போட்ட கூச்சலில் நூர் நிஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்கு மணப்பெண் வளையலிலேயே காட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டாள். பேராச்சியின் கையிலிருந்து ஒன்றைக் கழற்றினாள், ஊதினாள், அவள் கையிலேயே இருந்த இன்னொன்றில் இடித்தாள்.

கழற்றியது மூன்று துண்டாகிவிட்டது.

பேராச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. கதவு திறந்தது. வந்தது வேறு யார்? ஆறுமுகத்தாயேதான்!

“என்னட்டி சத்தம் அது? கண்ணாடி ஒடஞ்ச மாதிரி கேட்டுதே?”

நூர் நிஷா துண்டுகளை உள்ளங்கையில் இறுக்கி மூடினாள். அல்லாவே, போச்சு என் பிழைப்பு! தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

“வித்தைக்கா! பாதிதான் ஆயிருக்கு. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மாமியா கை படாம இந்த வளையல் ஒட்டாது.”

சொல்லும்போதே கண் ஆறுமுகத்தாயின் மணிக்கட்டுக்குப் போயிற்று. அதே பச்சை. அளவும் அதே ரெண்டரை இஞ்ச். கடவுளாகப் பார்த்துக் கொடுத்த கை! அந்தக் கையைப் பிடித்து மருமகள் கைமேல் வைத்தாள், இரண்டின் மேலும் முந்தானையைப் போர்த்தினாள். வாய் மளமளவென்று பேசியது. “மாமியாளும் மருமவளும் ஒண்ணா மூச்ச இழுங்க, விடுங்க, இன்னொரு வாட்டி.” முந்தானைக்குள் அவள் விரல்கள் ஆறுமுகத்தாயின் கட்டைவிரல் அடியை அமுக்கி மடக்கின. பிறந்ததிலிருந்து இவ்வளவு பயந்ததில்லை. வளையல் வெண்ணெயாக வழுக்கி வந்து, பேராச்சியின் கையில் ஏறியது.

முந்தானையை உதறினாள். வளையல் முழுசாக, கீறல் இல்லாமல்!

பெண்கள் போட்ட கூச்சலுக்கு வெளியே நாயனக்காரர் ஒரு கணம் வாசிப்பை நிறுத்திவிட்டாராம். சிரிப்பும் கும்மாளமுமாகப் பேராச்சியை மேடைக்கு அழைத்துப் போனார்கள். ஆறுமுகத்தாய் மட்டும் போகவில்லை. கதவைச் சாத்தினாள்.

“கையத் தொற.”

நூர் நிஷா திறந்தாள். மூன்று துண்டும் ரத்தத்தில் கிடந்தன.

“அம்பது வயசுல எத்தன வளையல் போட்டுக் கழட்டியிருப்பேன். எங்கைய விட்டு வளையல் போறது எனக்குத் தெரியாதாக்கும்?”

“யக்கா, மன்னிச்சுடுங்க. வெளிய சொல்லிப்புட்டீங்கன்னா எம் பொழப்பு...”

“சும்மா கெட. எங்கல்யாணத்துலயும் எங்கைல ஒண்ணு ஒடஞ்சுது. எம்மாமியா சாவுத வரைக்கும் அதச் சொல்லியே என்னக் கொன்னா. கொடத்துல தண்ணி சிந்துனாலும் அந்த வளையலு, மாடு செத்தாலும் அந்த வளையலு. முப்பது வருசமா சகுனம் சகுனம்னு நான் பயந்து சாவுதது எதனாலன்னு நெனைக்கே? நீ வெரல அமுக்கும்போதே புரிஞ்சுட்டு. கையத் தளத்தி விட்டது நாந்தான். இல்லன்னா உனக்கு அம்புட்டு லேசா வந்திருக்குமா?”

இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து நூர் நிஷாவின் கையை இறுக்கிக் கட்டினாள். துண்டுகளைத் தன் மடியில் முடிந்துகொண்டாள். கதவைத் திறந்து வெளியே போனவளின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க! அந்த வளையக்காரிக்கு என்ன கைராசிங்கிய! எம் மவ கல்யாணத்துக்கும் அவதான் வளையல் போடணும்!”