எட்டாம் வகுப்புக்கு ஏற்ற பிழைகள்

எனக்கு வாய் நீளம். வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள், ஆபீசிலும் அதைத்தான் சொல்வார்கள். மருந்துக் கம்பெனியில் பதினாறு வருஷமாக ஆளெடுக்கிற குமாஸ்தா நான். வாய் இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. வேண்டிய நேரத்தில் அந்த வாய் எங்கே போய்த் தொலைந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிற பகுதிக்கு எங்கள் கம்பெனியில் பெண்களைத்தான் எடுப்பார்கள். அதிலும் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் வரக்கூடாது என்று வாசலில் போர்டே மாட்டியிருக்கிறது. வயதைக்கூட யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். படிப்பைத்தான் கேட்பார்கள். "படிச்ச பொம்பளைங்க நிலைச்சு நிக்க மாட்டாங்க, நின்னா சட்டம் பேசுவாங்க" என்பார் மேனேஜர். ஆண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. லேபிள் பகுதி சூப்பர்வைசர் கல்லூரியில் இரண்டு தடவை பெயிலாகி ஓடி வந்தவன். படித்திருந்தால் கண்ணாடி அறை, படிக்காவிட்டால் மூட்டை தூக்கக் கிடங்கு. ஆம்பளையாகப் பிறந்தால் எங்கேயாவது ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது.

அவள் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. முப்பத்தெட்டு வயது இருக்கும். "எட்டாவதுங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. விண்ணப்பத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். நாலே நிமிஷத்தில் நீட்டினாள். 'வேலை கேட்டுப் பணிந்து விண்ணப்பிக்கிறேன்' என்று ஆரம்பித்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டம் வாங்கிய நானே 'கேட்டு பணிந்து' என்றுதான் எழுதுவேன். அந்தத் தாளில் ஓர் ஒற்றுகூட விடுபடவில்லை.

"ஏம்மா, யாரு காதுல பூ சுத்துறே? எட்டாவது படிச்சவ இப்படி எழுதுவாளா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. தமிழில் எம்.ஏ.வாம். அப்பா படிக்க வைத்திருக்கிறார், வேலைக்காக அல்ல, நல்ல இடம் அமையும் என்று. அமைந்தது. மாப்பிள்ளை பத்தாவது, கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், கை நிறையச் சம்பாத்தியம். "படிச்ச மருமகளை வேலைக்கு அனுப்பித்தான் நாங்க சாப்பிடணுமா?" என்று மாமியார் முதல் வாரமே கதவை அடைத்துவிட்டார். அடுத்த வீட்டுக்காரி பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள், தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போவாளாம். இந்த எம்.ஏ. அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்குமாம். இப்படியே பதினைந்து வருஷம். போன வருஷம் புருஷன் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அதற்கப்புறம் இவள் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. "இத்தனை வருஷம் சும்மாவா இருந்தீங்க?" என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி.

"அங்க போனா நான் பத்தல, இங்க வந்தா நான் ஜாஸ்தி. இந்த வேலையும் கிடைக்கலன்னா பொண்ணு படிப்பு நின்னுடும்க்கா. இப்பதான் ஒன்பதாவது போறா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று கொடுத்தேன்.

"ஒத்தெழுத்தையெல்லாம் எடு. ரெண்டு இடத்துல பெரிய 'ற'வுக்குச் சின்ன 'ர' போடு. கையெழுத்தைக் கொஞ்சம் கோணலாக்கு."

சொல்லச் சொல்ல எழுதினாள். சின்ன 'ர' போட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். அடியில் 'சரிபார்த்தேன்' என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

லேபிள் பகுதியில் அவளுக்கு 'ஊமை' என்று பேர் வைத்தார்கள். வாயைத் திறந்தால் வார்த்தை காட்டிக்கொடுத்துவிடும் என்று அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். யாராவது வீட்டுக்கு வந்த கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். "அடிப்பாவி, என்ன நடிப்புடி!" என்று சாப்பாட்டு நேரத்தில் கிண்டல் செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "நடிச்சு நடிச்சு நிஜமாவே மறந்துடுமோன்னு பயமா இருக்குக்கா."

எட்டு மாதம் ஓடியது. குழந்தைகளுக்கான இருமல் மருந்துக்குப் புது லேபிள் வந்த அன்று மத்தியானம், மூச்சிரைக்க என் மேஜைக்கு வந்தாள். உள்ளங்கையில் ஒரு லேபிள்.

"பழசுல வேளைக்கு ஒரு தேக்கரண்டின்னு இருந்துச்சுக்கா. இதுல மேசைக்கரண்டின்னு போட்டிருக்கு. மூணு மடங்கு. சின்னக் குழந்தைங்க தாங்குமா? நாலாயிரம் பாட்டில் ஒட்டியாச்சு, சாயங்காலம் லாரி வருது."

அத்தனை கைகள் ஒட்டியிருக்கின்றன, ஒரு கண்கூடப் படிக்கவில்லை. படிக்கக்கூடாது என்றுதானே பார்த்துப் பார்த்து எடுத்தோம்!

"நீங்க கண்டுபிடிச்சதா சொல்லிடுங்க. என் பேரு மட்டும் வேண்டாம். உங்களைக் கும்பிடுறேன்."

"நான் பாத்துக்கறேன், போ" என்றேன். மேனேஜர் லேபிளைப் பார்த்தார், வியர்த்தார், ஃபோனில் கத்தி லாரியை நிறுத்தினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"நீங்க லேபிள் பக்கமே போறதில்லையே. இதை யாரு படிச்சது?"

சூப்பர்வைசர் முந்திக்கொண்டான். "அந்த ஊமை இப்பதான் இவங்க மேஜைக்கு வந்துட்டுப் போச்சு சார்."

மேனேஜர் அவளுடைய ஃபைலை வரவழைத்தார். விண்ணப்பத்தின் அடியில் என் கையெழுத்து. "எட்டாவது படிச்சவளுக்கு மருந்து அளவு வரைக்கும் தெரியுமா? எட்டாவதுன்னு சரிபார்த்தது நீங்கதானே?"

தெரிந்தேதான் செய்தேன், அவள் இல்லாவிட்டால் இன்றைக்கு நாம் எல்லாரும் ஜெயிலில் என்று சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வருஷ வேலை கண் முன்னால் வந்து நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"என்னையும் ஏமாத்திட்டா சார்" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு வேலை தங்கியிருக்காது, இரண்டு பேரும் போயிருப்போம். இப்படித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். தேறவில்லை.

பொய்த் தகவல் கொடுத்ததற்காக வேலைநீக்கம். கடிதத்தை எழுதியதும் நான்தான். மறுநாள் காலை அவள் வந்து அதை வாங்கி, முதல் முறையாக என் எதிரில் எழுத்துக்கூட்டாமல் மளமளவென்று படித்தாள். 'முன்னறிவிப்பின்றி பணிநீக்கம்' என்ற இடத்தில் கண் நின்றது. என் பேனாவை எடுத்து, 'இன்றி'க்குப் பக்கத்தில் ஒரு 'ப்' சேர்த்தாள். அப்புறம் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"என்னை நாலு வார்த்தை திட்டிட்டுப் போடி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"திட்டி என்னக்கா ஆகப்போகுது?" மேஜையில் இருந்த கட்டிலிருந்து ஒரு விண்ணப்பத் தாளை எடுத்தாள். "என் பொண்ணு எட்டு முடிச்சிருக்கா. நிஜமாவே எட்டு. பொய் சொல்ல வேண்டியதில்ல."

"ஐயோ, வேண்டாம்டி. அது குழந்தை. பள்ளிக்கூடத்துல இருக்க வேண்டியது."

"அப்ப வேற வழி சொல்லுங்க."

நான் மேஜையில் மீதியிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.  அவள் கையில் இருந்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒத்தெல்லாம் சரியாப் போடுவாக்கா, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள். "எப்படித் தப்பா எழுதணும்னு இன்னிக்குச் சொல்லிக்கொடுத்துடறேன்."