தட்டுக்காரரின் இடது உள்ளங்கை

சுரங்கத்துக்குள் யார் முதலில் போவது என்ற சண்டை அங்கே ஒருநாளும் வந்ததில்லை. தட்டுக்காரர்தான் போவார். விளக்கும் கடப்பாறையுமாக நுழைந்து, தலைக்கு மேலிருக்கும் பாறையை அங்கங்கே தட்டுவார். கிண்ணென்று கேட்டால் கெட்டி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். எப்போது வேண்டுமானாலும் பலகை பலகையாக விழும். பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பதில்லையா, அதே கணக்கு. "சரி, வாங்கடா" என்று அவர் குரல் கொடுக்கும்வரை மேஸ்திரியானாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அந்த மலைக்குள் யாரோ தங்கத்தைப் புதைத்து வைத்ததாகச் சிலர் கதை விடுவார்கள். நம்பாதீர்கள். வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அதுபோலத்தான். எந்தக் காலத்திலோ பூமிக்கு அடியிலிருந்து கொதிநீர் பாறை வெடிப்புகளில் ஏறிவந்து, ஆறி, வெள்ளைக்கல்லாக உறைந்தது. கூடவே கொண்டுவந்த தங்கத்தையும் வெள்ளியையும் அதற்குள்ளேயே விட்டுவிட்டது. சாம்பல் பாறைக்கு நடுவே அந்த வெள்ளைப் பட்டை ஒரு முழ அகலத்தில் சாய்வாக இறங்கும். பட்டைக்கும் பாறைக்கும் இடையில் சோப்பு மாதிரி வழுக்கும் களிமண். பட்டையைத் தோண்டி எடுத்தபின், மேலே தொங்கும் பாறைக்கு அந்தக் களிமண்தான் எமன்.

தோண்டிய கல் வண்டியில் வெளியே வந்து, பெண்கள் நிற்கும் நீள மேசையில் கொட்டும். நல்ல கல்லைப் பொறுக்கி அரவை ஆலைக்கு அனுப்புவார்கள். மேசையின் தலைமாட்டில் நிற்பவள் தட்டுக்காரரின் மனைவி. எல்லாருக்கும் அவள் மேசைக்காரி. உள்ளே பாறையில் துளை போடுகிறவன் அவளுடைய தம்பி. தம்பி உடைக்கும் கல்லை அக்கா பிரிக்கிறாள். தம்பியின் தலை உடையாமல் மாமா பார்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான் குடும்பம்.

வெடிச் சத்தத்திலேயே வயசைக் கழித்த காது எத்தனை நாள் தாங்கும்? தட்டுக்காரருக்கு முதலில் வண்டிச் சக்கரத்தின் கிரீச் போயிற்று. அப்புறம் சொட்டும் தண்ணீர். பிறகு கிண்ணும் பொத்தும் ஒன்றாகிவிட்டன. மனிதர் யாரிடமும் மூச்சு விடவில்லை. இடது உள்ளங்கையைப் பாறையில் அப்பி, வலது கையால் தட்டினார். விரிசல் பாறை உள்ளங்கையில் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தை வைத்தே கொஞ்ச காலம் ஓட்டினார்.

கீழ்த்தளத்தில் ஈரக் களிமண் அதிகமான இடத்துக்கு வேலை இறங்கியபோது, உள்ளங்கையும் கைவிட்டது. பாறை நடுங்கியதா, தன் கைதான் நடுங்கியதா என்று தெரியவில்லை. "சரியில்ல" என்றார். அடுத்த இடத்திலும் சந்தேகம். அங்கேயும் "சரியில்ல". அந்த வாரம் முழுக்க அதே பாட்டு. முட்டுக்கொடுக்க மரம் தீர்ந்தது. ஆலை நின்றது.

"அண்ணன் புண்ணியத்துல ஓசி லீவு! காலை நீட்டித் தூங்குங்கடா!" என்றான் ஒரு வண்டிக்காரன்.

மேஸ்திரி தட்டுக்காரரின் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "ஏன்யா, மொத்த மலையும் சரியில்லையா? மலையவே வேற வாங்கிட்டு வரச் சொல்றியா?"

கல் வராத மேசைக்கு முன்னால் சும்மா நின்ற மேசைக்காரிக்குத்தான் பொறி தட்டியது. சாயங்காலம் வீட்டில் அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள். நல்ல பானை ஒன்று, கீறல் விட்டது ஒன்று எடுத்து, தட்டிக் காட்டப்போவதாகச் சொல்லி அவர் முதுகுக்குப் பின்னால் போனாள்.

கொஞ்சம் பொறுத்து, அவர் காதருகே கையைக் குவித்து, "என்னங்க, எது நல்லது?" என்று கத்தினாள்.

"இப்ப தட்டினது."

அவள் தட்டவே இல்லை.

இரண்டு பானையையும் அப்படியே தரையில் வைத்தாள். பிறகு அவரே திரும்பினார். "கேக்கலடி. எல்லாத்தையும் சரியில்லன்னுட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஒண்ணைச் சரின்னு சொல்லி, அது உன் தம்பி மேல விழுந்தா?"

"மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்களேன்."

"சொல்லிட்டா அப்புறம் நான் யாருடி?"

அவள் பானைகளை எடுத்து அடுக்கினாள்.

மறுநாள் மேஸ்திரி பொறுமையை மூட்டை கட்டிவிட்டார். "பயந்தாங்கொள்ளிய நம்பி ஆலைய மூட முடியாது. போங்கடா உள்ள!" மச்சினன் துளைக்கம்பியைத் தோளில் போட்டு முன்னால் நடந்தான். தட்டுக்காரர் ஓடிப்போய்ச் சுரங்க வாசலில் கையை விரித்து நின்றார்.

"எனக்குக் காது கேக்கல!" தன் குரலின் அளவு தெரியாமல் கத்தியதில் மேசைவரை கேட்டது. "அந்தப் பாறை நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது! தெரிஞ்சவன் தட்டிட்டுப் போங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சினன் கம்பியை இறக்கிவிட்டு, அவர் கையிலிருந்த கடப்பாறையை வாங்கினான். "வாங்க மாமா, பக்கத்துல நில்லுங்க. எங்க தட்டணும்னு காட்டுங்க."

அவர் விரல் நீட்டிய இடமெல்லாம் அவன் தட்டினான். கிண், கிண் என்றே வந்தது. மேஸ்திரி பல்லைக் கடித்தார். களிமண் ஊறிய மூலையில் பொத்தென்றது. எல்லாரும் பின்வாங்க, மச்சினன் எட்ட நின்று நெம்பினான். கட்டில் அகலப் பாறை ஒன்று தரையில் விழுந்து தூள் பறந்தது. தட்டுக்காரருக்குச் சத்தம் கேட்கவில்லை, பாதத்தில்தான் வந்தது.

கடப்பாறை மச்சினனிடமே தங்கிவிட்டது. அவரை மேசைக்கு மாற்றினார்கள். முதல் நாளே பளபளவென்று மஞ்சளாக மின்னிய கல்லை நல்ல கூடையில் போட்டார். தங்கம் மாதிரி ஏமாற்றும் வெறுங்கல் அது; மேசைக்காரி எடுத்து வெளியே வீசினாள். கரி பூசியது மாதிரி கறுப்புக் கோடு ஓடிய அசிங்கமான கல்லை அவர் கையில் திணித்தாள். "இதுதான் வெள்ளி. பொண்ணு பாக்க வந்தப்பவும் நீங்க இப்படித்தான் என் தங்கச்சியப் பாத்துட்டு நின்னீங்க." மேசைப் பெண்கள் சிரித்த சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து அவரும் சிரித்தார்.

சாயங்காலம் மச்சினன்தான் கடைசியாக மேலே வருவான். போகிற போக்கில் மேசைப் பலகையைக் கடப்பாறையால் ஒருமுறை தட்டுவான். அதற்காகவே தட்டுக்காரர் இடது உள்ளங்கையைப் பலகையில் வைத்திருப்பார். அந்த அதிர்வு வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார்.